ஆறாம் வகுப்பில் எடுக்கிற முடிவு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைக் குழுக் கடன் பற்றிப் பேசச் சொன்னார்கள். கடன் பற்றிப் பேசணும் என்றால் முதலில் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கணும் இல்லையா? எங்க குழுவில் பதினோரு வருஷமா கணக்கு எழுதுறது நான்தான். போன வாரம் பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்து வைச்சு, ஒவ்வொரு ஜூன் மாசமும் யார் யார் எதுக்கு உள்கடன் வாங்கினாங்கன்னு பார்த்தேன். ஆடிப் பட்டத்துக்கு விதை வாங்க, மாடு வாங்க, கூரை மாத்த, மருத்துவச் செலவு என்று வருஷம் பூரா பலதும் இருக்கு. ஆனா ஜூன் மாசம் மட்டும் பக்கம் பக்கமா ஒரே வரிதான்: 'பிள்ளை படிப்புச் செலவுக்காக.' அதனால கடன் பற்றிப் பேசுறதும் பள்ளிக்கூடம் பற்றிப் பேசுறதும் நமக்கு ஒண்ணுதான். பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் வண்டி வண்டியா இறங்குற நேரம்தான் நமக்கு வயித்துல புளி கரைக்கிற நேரமும்.

அந்தப் பக்கங்களில் முதல் பேரு என் பேருதான். 2018 ஜூன், பதினைந்தாயிரம் ரூபாய், நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. காரணம், மகள் ஆறாம் வகுப்பு சேர்க்கை. அந்தக் கதையைச் சொல்லிட்டு மத்ததுக்குப் போறேன்.

என் பெரிய பொண்ணு ஐந்தாவது வரைக்கும் எங்க ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில்தான் படிச்சா. நல்லா படிப்பா. வீட்டுக்காரர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. டவுன்ஷிப் உள்ள வேலைக்குப் போறவங்களுக்கு இது புரியும். வட்டத்துக்கு வட்டம் மரமும் ரோடும், காலையில ஷூ போட்டு டை கட்டின பிள்ளைங்க வரிசையா பஸ் ஏறும். அதைத் தினம் பார்த்துட்டு ஷிப்ட் முடிச்சு வெளிய நம்ம ஊருக்கு வர்ற மனுஷனுக்கு, நம்ம பிள்ளைக்கும் ஒரு டை கட்டணும்னு தோணுறது தப்பா? எனக்கும்தான் தோணுச்சு. முந்திரிக்கொட்டை உடைச்சு உடைச்சுக் கருத்துப் போன கையோட அப்ளிகேஷன் வாங்கப் போனேன். கவுண்டர்ல கையை நீட்ட வெட்கமா இருந்துச்சுன்னு இங்க சொல்றதுல எனக்கு வெட்கம் இல்லை.

ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம். பேர் வேண்டாம். பீஸ் ஒண்ணு, வண்டிக்கு ஒண்ணு, புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் அங்கேயே வாங்கணும். முதல் வருஷம் முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்டிடுச்சு. ரெண்டு வருஷம் எப்படியோ ஓட்டினோம். மூணாவது வருஷம் கொரோனா. வேலை இல்லை, வருமானம் இல்லை. வகுப்பு போன்ல நடந்துச்சு. வீட்டுல இருந்தது ஒரு போன், அதுவும் அவர் கையில. பீஸ் பாக்கி நின்னுச்சு. 2021-ல ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு மாத்தலாம்னு போனா, பாக்கியைக் கட்டினாதான் டி.சி. என்றார்கள். திரும்பவும் குழுவில் கடன். திரும்பவும் அதே வரி, 'பிள்ளை படிப்புச் செலவுக்காக.' படிக்கப் போற பள்ளிக்கு இல்லைங்க, விட்டுட்டு வர்ற பள்ளிக்குக் கடன் வாங்கின ஆள் நான்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் நாலு வருஷம் நல்லா படிச்சா. 2025-ல பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூறுக்கு 537. கணக்கு, இயற்பியல் எல்லாம் நல்ல மார்க். இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட உதவி மையத்துக்குப் போனோம். அங்க இருந்தவர் நல்ல மனுஷன், பொறுமையாதான் கேட்டார். "ஆறாம் வகுப்பு எங்கம்மா படிச்சீங்க?" என்றார். சொன்னோம். "ஏழு? எட்டு?" என்றார். சொன்னோம். அவர் பேனாவை வைச்சுட்டார்.

அந்த மூணு வருஷம்தான். 7.5 சதவீத ஒதுக்கீடு இல்லை. புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயும் இல்லை. பொதுப் பிரிவுல இடம் கிடைச்சது, ஆனா கட்டணம் எங்களால கட்ட முடியாத கட்டணம். இப்ப அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறா. நல்லா படிக்கிறா, குறையா சொல்லல. ஆனா அவளோட ஒண்ணா பன்னிரண்டாவது முடிச்ச, அவளை விட மார்க் குறைஞ்ச பொண்ணு, ஆறாவதுல இருந்து அதே அரசுப் பள்ளியில இருந்ததால, இன்ஜினீயரிங் படிக்குது, பீஸ் இல்லாம. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். ஆனா என் பொண்ணு அன்னைக்கு ராத்திரி என்னைப் பார்த்து, "ஏம்மா என்னை அங்க சேர்த்த?"ன்னு கேட்டா. நான் பதில் சொல்லல.

சரி, இந்த விதி என்ன என்று ஒழுங்கா சொல்றேன். இங்க நிறைய பேருக்குப் பாதிதான் தெரிஞ்சிருக்கு.

2020-ல தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிச்ச பிள்ளைகளுக்கு, நீட் தேர்வில் தேர்ச்சி பெற்றிருந்தா, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் தனியா. அடுத்த வருஷம், 2021-ல, அதே மாதிரி இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் படிப்புகளுக்கும் சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் சேர்ற பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏத்துக்குது. அப்புறம் 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் ஆரம்பிச்சாங்க. அதுவும் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படிச்சுட்டு மேற்படிப்பு போற பெண் பிள்ளைகளுக்கு, படிப்பு முடியும் வரை மாசம் 1,000 ரூபாய், அவங்க பேர்ல இருக்கிற வங்கிக் கணக்கில். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்ல. பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படிச்சவங்களுக்கும் அந்த ஆயிரம் ரூபாயை நீட்டினாங்க. ஆனா 7.5 ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

இதுல எல்லாத்துலயும் திரும்பத் திரும்ப வர்ற எண் எது? ஆறு. ஒன்றாம் வகுப்பு இல்லை, பத்து இல்லை, ஆறு. ஐந்தாவது முடிச்ச பிள்ளையைக் கையைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிட்டுப் போற அந்த ஒரு நாள்தான். அன்னைக்கு நாம பார்க்கிறது என்ன? கட்டடம் எப்படி, டை உண்டா, பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்க போகுது. இதைத்தானே பார்க்கிறோம்?

என்னைப் பொறுத்தவரை, 2018-ல இந்தச் சட்டமே இல்லை. அதனால நான் எனக்கே மன்னிப்புக் கொடுத்துக்கிட்டேன். ஆனா இன்னைக்கு இங்க உட்கார்ந்திருக்கிற யாரும் 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லக் கூடாது. அதுக்குத்தான் இந்த மைக்கைப் பிடிச்சேன்.

நெய்வேலியில நமக்குன்னு தனியா ஒரு குழப்பம் உண்டு. கம்பெனியை நாம 'கவர்மெண்ட் கம்பெனி'ன்னு சொல்லியே பழகிட்டோம். 1956-லிருந்து அப்படித்தான் நம்ம மாமனார் மாமியார் சொல்லிட்டு வர்றாங்க. அதனால டவுன்ஷிப் உள்ள இருக்கிற எந்தப் பள்ளியா இருந்தாலும் கவர்மெண்ட் பள்ளிதான்னு ஒரு நினைப்பு. அப்படி இல்லைங்க. கேந்திரிய வித்யாலயா மத்திய அரசுப் பள்ளிதான், நல்ல பள்ளிதான், ஆனா இந்த 7.5 கணக்குல வராது. ஏன்னா சட்டம் சொல்றது மாநில அரசோட பள்ளிகளை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் அதுல வரும். அதனால எந்தப் பள்ளி வாசல்ல நின்னாலும், தலைமை ஆசிரியர் கிட்ட இந்த ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேளுங்க: "சார், இது அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா, தனியாரா? 7.5 கிடைக்குமா? புதுமைப் பெண் கிடைக்குமா?" கேட்கிறதுக்குக் காசு இல்லை. அவர் சொல்றதை அப்ளிகேஷன் பின்னாடியே எழுதி வைச்சுக்குங்க.

இன்னொண்ணு, இருபத்தைந்து சதவீதம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில், தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் இலவசமா சேர்க்கிறது. நம்ம குழுக்கள்ல பல பேர் பிள்ளைங்க இதுல சேர்ந்திருக்கு. சந்தோஷம். ஆனா அது எட்டாம் வகுப்போட முடிஞ்சுரும். ஒன்பதாவது ஆரம்பிக்கிற அன்னைக்கு, "இனிமே முழு பீஸ் கட்டணும்"னு சொல்வாங்க. அவங்க சொல்றது சட்டப்படி சரிதான், ஆனா நம்ம தலையில இடி விழுந்த மாதிரி இருக்கும். நம்ம பகுதியில ரெண்டு குடும்பம் அப்படி ஒன்பதாவதுல திணறிப் போச்சு. அதுல ஒருத்தங்க தாலியை அடகு வைச்சாங்க. தேவையே இல்லாத அடகு. ஏன்னா அந்த 7.5 சட்டத்துலயே ஒரு வழி இருக்கு: இருபத்தைந்து சதவீதத்தில் எட்டாவது வரைக்கும் தனியார் பள்ளியில் படிச்ச பிள்ளை, ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில் படிச்சா, அதுக்கும் 7.5 உண்டு, புதுமைப் பெண்ணும் உண்டு. ஆனா ஒன்பதாவதிலேயே மாத்தணும். பத்தாவது முடிச்சுட்டு மாத்திக்கலாம்னு இருந்தா போச்சு. அந்தப் பிள்ளை ஆர்.டி.இ.-யில் படிச்சதுக்கான சான்றை அந்தப் பள்ளியில் இருந்து வாங்கி வைச்சுக்குங்க.

டி.சி. விஷயம். என் வயிறு எரிஞ்ச இடம் அது. எட்டாம் வகுப்பு வரைக்கும், டி.சி. வர்றதுக்குத் தாமதம் ஆகுதுன்னு காரணம் காட்டி ஒரு பள்ளி பிள்ளையைச் சேர்க்காம விடக் கூடாதுன்னு அந்தக் கல்விச் சட்டத்திலேயே இருக்கு. அதோட 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: பீஸ் பாக்கிக்காக டி.சி.-யைப் பிடிச்சு வைக்கக் கூடாது, டி.சி.-யில பாக்கின்னு குறிப்பும் எழுதக் கூடாது, பாக்கியை வாங்கச் சட்டத்துல வேற வழி இருக்கு, அதுல போங்கன்னு. நம்ம பாக்கியைக் கொடுக்க வேண்டாம்னு யாரும் சொல்லல. கொடுக்கத்தான் வேணும். அதுக்காகப் பிள்ளையை நடுத்தெருவில நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

இதுல கம்ப்யூட்டர் சிக்கலும் ஒண்ணு உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் நம்பர் இருக்கு. பிள்ளை பள்ளி மாறினா பழைய பள்ளி அந்தப் பேரை காமன் பூலுக்கு விடணும், புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கும். பழைய பள்ளி விடலன்னா, பிள்ளை இங்க பெஞ்சுல உட்கார்ந்திருக்கும், பேரு அங்கேயே இருக்கும். அதனால டி.சி. வாங்கும்போதே, "எமிஸ்ல விட்டுட்டீங்களா?"ன்னு கேளுங்க. ஒரு வாரம் கழிச்சுப் புதுப் பள்ளியில "வந்துடுச்சா?"ன்னு கேளுங்க. கல்வி உதவி எண் 14417. பள்ளி சம்பந்தமான சந்தேகத்துக்கு அதுல பேசலாம். நான் பேசியிருக்கேன், எடுக்கிறாங்க.

தனியார் பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று ஒருத்தங்க முடிவு பண்ணா, அதையும் நான் தப்புன்னு சொல்ல வரல. அவங்கவங்க வீட்டு நிலவரம் அவங்கவங்களுக்கு. ஆனா 2009-ல வந்த சட்டப்படி ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியா கட்டணத்தை ஒரு குழு நிர்ணயிச்சிருக்கு. அந்தத் தொகை என்னன்னு கேளுங்க. அதுக்கு மேல நன்கொடைன்னு கேட்டா ரசீது கேளுங்க. ரசீது கேட்டதும் பேச்சு மாறுறதை நீங்களே பார்ப்பீங்க. முக்கியமா, குழுவில் கடன் கேட்கும்போது முதல் வருஷப் பீஸை மட்டும் கணக்குப் போடாதீங்க. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு, ஏழு வருஷம். ஏழு வருஷத்தையும் கூட்டிப் பாருங்க. கறவை மாட்டுக் கடனுக்கு மூணு ஈத்துக்கு வரவு செலவு எழுதுற நாம, பிள்ளை படிப்புக்கு ஒரு ஜூன் மாசத்தோட நிறுத்திக்கிறோம்.

சரி, அரசுப் பள்ளியில் சேர்த்தாச்சு, வேலை முடிஞ்சுதா? இல்லை. அங்கதான் ஆரம்பிக்குது.

எட்டாம் வகுப்புல என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000-க்குள்ள இருக்கணும். ஏழாம் வகுப்புல 55 சதவீத மார்க், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. தேர்வானா ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வருஷம் 12,000 ரூபாய். நாலு வருஷம், 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். பாடத்துக்கு ஒரு தாள், மூளையைப் போட்டுக் குடைய ஒரு தாள். அந்த ரெண்டாவது தாள்தான் நம்ம பிள்ளைங்களுக்குப் புதுசு. படம், எண் வரிசை, அடுத்தது என்ன வரும்னு கேட்பான். பழகிட்டா சுலபம். என் சின்னவன் இப்ப எட்டாவது. அவனும் தெருவுல நாலு பிள்ளைகளும் ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுத் திண்ணையில பழைய வினாத்தாள் போடுறாங்க. சொல்லிக் கொடுக்கிறது யாரு தெரியுமா? என் பெரிய பொண்ணு.

ஒன்பதாவதுல கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு நூறு பேர், ஐம்பது பெண், ஐம்பது ஆண். தொகை வருஷம் ஆயிரம்தான், ஆனா எழுதிப் பழகலாம்.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிச்சா அறுபது ரூபாய். ஜூன் மாசம் எல்லாரும் ஒரே நாள் போய் நின்னா சர்வரும் நிக்கும், நாமும் நிப்போம். மாசி, பங்குனியிலேயே வாங்கி வைங்க. பேர், இனிஷியல், பிறந்த தேதி மூணும் பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் பள்ளியிலும் ஒண்ணா இருக்கணும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புறதுக்கு முன்னாடி பள்ளியில கையெழுத்துக் கேட்பாங்க. அந்தத் தாளைப் படிச்சுப் பாருங்க, படிக்கத் தெரியலன்னா குழுவுல ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. அதுல விழுந்த எழுத்துதான் காலத்துக்கும். எங்க குழுவுல ஒரு அக்கா மகனுக்கு ஒரு எழுத்து மாறிப் போய், திருத்தறதுக்குள்ள செருப்புத் தேஞ்சுது.

பத்தாவதுல ஒரு பாடம் போயிட்டா உலகம் முடிஞ்ச மாதிரி நாம வீட்டுல ஒப்பாரி வைக்கிறோம். துணைத் தேர்வு சீக்கிரமே வைக்கிறாங்க. எழுதிப் பாஸ் பண்ணா அதே வருஷமே பதினொன்றில் சேரலாம். எங்க தெருவுல ஒரு பொண்ணு கணக்குல போச்சு. ரிசல்ட் வந்த பத்தாம் நாள் பொண்ணு பார்க்க ஆள் வந்துட்டாங்க. வயசு பதினாறு. எங்க குழுவுல அஞ்சு பேர் அந்த வீட்டுக்குப் போனோம். சண்டை போடல, சத்தம் போடல. "அண்ணி, பணம் நாங்க கட்டுறோம், இந்த ஒரு பரீட்சையை எழுதட்டும்"னோம். பரீட்சைக் கட்டணம் குழுச் சேமிப்பிலிருந்து கொடுத்தோம், கடனா இல்லை. எழுதிச்சு, பாஸ். பதினெட்டு முடியாம கல்யாணம் செய்றது குற்றம், 1098-க்கு ஒரு போன் போட்டா வந்துருவாங்க, அது எங்களுக்கும் தெரியும், அந்த வீட்டுக்கும் தெரியும். ஆனா அந்தப் பேச்சை எடுக்க வேண்டிய அவசியமே வரல. பெரியவளானதும் பொண்ணை இருபது நாள், முப்பது நாள் பள்ளிக்கு அனுப்பாம வைக்கிற வீடும் இன்னும் இருக்கு. சடங்கு செய்யுங்க, சீர் வாங்குங்க, ஞாயித்துக்கிழமையில வைங்க.

பதினொன்றில் எந்தப் பிரிவு எடுக்கிறதுங்கிறது அடுத்த முடிவு. கணக்கு எடுக்காம இன்ஜினீயரிங் நினைக்க முடியாது. உயிரியல் எடுக்காம நர்சிங், டாக்டர் நினைக்க முடியாது. "பிரெண்டு எடுத்தா, நானும் எடுத்தேன்"னு வர்ற பிள்ளைகளை உட்கார வைச்சுக் கேளுங்க. படிப்பு ஏறலன்னா ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் கேவலம் இல்லை. ஃபிட்டர், எலக்ட்ரீசியன், வெல்டர் முடிச்ச பிள்ளைகள்தான் நம்ம நிறுவனத்துல தொழில் பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பம் போடுறாங்க. நெய்வேலியில இருந்துக்கிட்டு ஐ.டி.ஐ.யைக் குறைச்சுப் பேசுறவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்புத்தான் வரும். 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு இல்லைன்னு ஆயிடுச்சு. அதை நம்பி அந்த வருஷம் பூரா போன் பார்க்கிற பிள்ளைகளும் இருக்கு, கவனிங்க.

வழிமொழி பற்றியும் கேட்கிறாங்க, தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமான்னு. ஒரே அரசுப் பள்ளியில ரெண்டும் இருக்கு. ஒன்றாவதிலிருந்து முழுக்கத் தமிழ் வழியில் படிச்சவங்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கு. இதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. நான் எதுன்னு சொல்ல மாட்டேன், என் வீட்டுலயே இது இன்னும் முடியல.

கடைசியா ஒண்ணு. அரசுப் பள்ளியில் குறையே இல்லைன்னு நான் சொன்னா நீங்க சிரிப்பீங்க. ஆசிரியர் இடம் காலியா இருக்கும். கழிவறைக்குக் கதவு இருக்காது. என் பொண்ணு படிச்ச காலத்துல, காலையில போனா சாயங்காலம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டா. ஏன்னு ரொம்ப நாள் எனக்குத் தெரியல. அங்க போக இடம் சரியில்லைன்னுதான் குடிக்கிறதே இல்லைன்னு அப்புறம் சொன்னா. ஒரு பொண்ணு இல்லை, பாதி வகுப்பும் அப்படித்தான் இருந்திருக்கு.

அப்பதான் பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கிறதே எனக்கு உறைச்சுது. சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், உறுப்பினர்கள்ல பாதி பெண்கள். 2022-லயும் 2024-லயும் புதுசா அமைச்சாங்க. கூட்டம்னு கூப்பிட்டா நாம போறதில்லை, கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிடுறோம். நான் போக ஆரம்பிச்சேன். முதல் கூட்டத்துல ஒண்ணும் புரியல. ரெண்டாவது கூட்டத்துல புரிஞ்சது: இதுவும் நம்ம குழு மாதிரிதான். தீர்மானம் எழுதணும், வாசிக்கணும், கையெழுத்து வாங்கணும். அதுதான் நமக்குப் பதினோரு வருஷமா தெரிஞ்ச வேலையாச்சே! "பெண் பிள்ளைகள் கழிவறைக்குக் கதவு, தாழ்ப்பாள், குழாய்"ன்னு மூணு வரி நானே எழுதினேன். ஊராட்சிக்கு ஒரு நகல், வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு நகல். நாலு மாசம் ஆச்சு, மூணு தடவை நடந்தோம். கதவு வந்துடுச்சு. குழாய் வந்துடுச்சு. தாழ்ப்பாள் மட்டும் இன்னும் உள்பக்கம் சரியா விழல, அடுத்த கூட்டத்துல வைச்சிருக்கேன். சானிட்டரி நாப்கின் பள்ளிக்கு இலவசமா வர்றது பிள்ளைங்க கையில போய்ச் சேருதான்னும் கேட்டிருக்கேன்.

இப்ப நேரம் ஆகுது, தலைவர் அக்கா மணியைப் பார்க்கிறாங்க. கூட்டமைப்பு கிட்ட நான் கேட்கிறது இதுதான். வர்ற தை மாசம் ஒவ்வொரு குழுவும் ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளோட பேரை ஒரு தாள்ல எழுதிக் கொடுக்கணும். எந்தப் பள்ளி, அடுத்து எங்க சேர்க்கப் போறீங்க, சான்றிதழ் எது எது இருக்கு, எது இல்லை. அந்த வீட்டுக்கு நானும் இன்னும் மூணு பேரும் வர்றோம். படிப்புக் கடன் கேட்டு வர்ற மனுவுக்கு ஜூன் வரைக்கும் காத்திருக்காம பங்குனியிலேயே கூட்டம் போட்டுப் பேசணும். இதைத் தீர்மானமா எழுதிக் கொண்டு வந்திருக்கேன், செயலாளர் கிட்ட கொடுத்துட்டுப் போறேன்.

என் பெரிய பொண்ணு இன்னைக்கு வந்திருக்கா, பின்னாடி மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கா. விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவங்க, எமிஸ் நம்பர் கண்டுபிடிக்கணும்னு இருக்கிறவங்க, சாப்பாட்டு நேரத்துல அவ கிட்ட கேளுங்க, பேனா வைச்சிருக்கா.